வேரவிலைப் பேசாமல் ஊசியைப் பேச முடியாது

ஏற்பு வலி கண்டு இறந்த பச்சைக் குழந்தையை இன்று வன்னியில் பிள்ளைத்தாச்சியாக இருப்பவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர்களின் அம்மம்மாமார் பார்த்திருக்கிறார்கள். பிறந்து இரண்டு நாள் ஒழுங்காகப் பால் குடித்த பிள்ளை மூன்றாம் நாளோ நாலாம் நாளோ முலையைப் பிடிக்காது. வாய் பூட்டிக்கொள்ளும். தொட்டாலும், பக்கத்தில் ஒரு சட்டி விழுந்தாலும் உடம்பு முறுகி வளையும். துப்புரவில்லாத பிளேட்டால் தொப்புள்கொடியை வெட்டியதாலோ, வெட்டிய இடத்தில் சாம்பலும் சாணமும் பூசியதாலோ, மண்ணில் கிடந்த கிருமி உள்ளே போயிருக்கும். அந்த நிலைக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை.

இந்த நோய் நம் வீடுகளை விட்டுத் தானாகப் போகவில்லை. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், அதன்வழி ஊருக்கு ஊர் வந்த மருத்துவ மாதரும், 1978 இல் நாடு முழுவதற்குமாக வகுக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும் சேர்ந்து துரத்தின. பிறந்த பிள்ளைக்கு ஐங்கூட்டு ஊசி போடத் தொடங்குவது இரண்டாம் மாதத்தில். ஏற்பு வலியோ பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். ஆகவே ஊசியால் பிள்ளையைக் காக்க ஒரே வழி தாய்தான். அவளுக்கு ஏற்றும் ஏற்பூசி அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். அது நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். 2016 இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் தாய், சிசு ஏற்பு வலி ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கிருமி ஒழியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது மண்ணில் இருக்கிறது, என்றைக்கும் இருக்கும். ஒழிந்தது, ஊசி போடாத தாய்.

இப்போது கிளினிக் வாங்கில்களில் வேறொரு பேச்சுக் கேட்கிறது. "இது என்ன ஊசி மிஸ்ஸி, பிள்ளைக்கு ஒண்டும் செய்யாதோ?" என்று கேட்பவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. கேட்பவருக்குப் பதில் சொல்லலாம். கேட்காமல் தலையாட்டிவிட்டு, "இண்டைக்குத் தடிமன், அடுத்த கிளினிக்கில போடுறன்" என்று எழும்பிப் போகிறவரைப் பற்றியே கவலை. அவருக்குப் பின்னால் "இவர் வேண்டாமெண்டவர்" இருக்கிறது, மாமியின் முகச்சுளிப்பு இருக்கிறது, கனடாவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ அண்ணன் வட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ இருக்கிறது. அந்த வீடியோவில் பேசுகிறவர் வைத்தியரும் அல்லர், வன்னியைக் கண்டவரும் அல்லர். ஆனால் தமிழில் பேசுகிறார், அக்கறையோடு பேசுகிறார். கிளினிக்கில் அந்த அளவுக்கு இருந்து பேச யாருக்கும் நேரமில்லை.

குழந்தைத் தடுப்பூசியில் இலங்கை இன்னும் 95 வீதத்துக்கு மேல் நிற்கிற நாடு. அதைக் காட்டி அதிகாரிகள் ஆறுதல் கொள்வார்கள். சின்னமுத்தை ஒழித்துவிட்டோம் என்று 2019 ஜூலையில் சான்றிதழ் வாங்கிய நாடும் இதுதான். 2023 நடுப்பகுதியில் கொழும்பில் தொடங்கிய சின்னமுத்து பல மாவட்டங்களுக்குப் பரவியது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதம் தொடக்கம் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட வேண்டிவந்தது. நாடு முழுவதற்குமான சராசரி நல்ல சேலையைப் போன்றது. கிழிசல் எந்த மடிப்புக்குள் இருக்கிறது என்று விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

தயக்கம் உயிரை எடுக்கும் என்பதை 2021 காட்டியது. அந்த ஆண்டு ஜனவரி 29 ஆம் திகதி கொவிட் தடுப்பூசி இலங்கையில் தொடங்கியபோது கர்ப்பிணிகளுக்கு அது இல்லை என்றார்கள். மருந்துப் பரிசோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படாததால் போதிய தரவு இருக்கவில்லை என்பதே காரணம். மே மாதத்தில் மூன்றாவது அலை கர்ப்பிணிகளின் உயிரைக் குடிக்கத் தொடங்கியது. ஜூனில் அவர்களுக்குச் சினோபாம் ஊசி தொடங்கப்பட்டது. செப்டெம்பரில் தாய் சேய் நலப் பணிப்பாளர் சித்ரமாலி டி சில்வா சொன்ன கணக்கு இது: வழமையாக ஓர் ஆண்டு முழுவதற்கும் 90 தொடக்கம் 100 வரை தாய் மரணங்கள் பதிவாகும் நாட்டில், மே முதல் கொவிட்டால் மட்டும் 41 பேர் இறந்திருந்தார்கள். 5,500 அளவிலான கர்ப்பிணிகளுக்குத் தொற்று. ஏறத்தாழ 70 வீதமானோர் ஊசி போட்டிருந்தார்கள். மிச்சம் 30 வீதம் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று அப்போதே ஊர் ஊராகக் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்குப் பதிலாக, ஓராண்டுக்குக் கர்ப்பம் தரிப்பதைத் தள்ளிப்போடுங்கள் என்ற ஆலோசனை வந்தது. ஏற்கெனவே எட்டாம் மாதத்தில் இருக்கிறவளுக்கு அந்த ஆலோசனையால் என்ன பயன்?

ஜனவரியில் "உங்களுக்கு வேண்டாம்" என்ற அதே வாய் ஜூனில் "கட்டாயம் போடுங்கோ" என்றது. விஞ்ஞானம் அப்படித்தான், தரவு வரவரச் சொல்லும் மாறும். ஆனால் ஏன் மாறியது என்பதை அவரவர் மொழியில் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது விஞ்ஞானமாகத் தெரிந்திருக்கும். சொல்லாததால் தடுமாற்றமாகத் தெரிந்தது. வன்னியில் அதுகூடத் தெரியவில்லை. வேறொன்றாகத் தெரிந்தது.

அந்த வேறொன்றைத்தான் இத்தலையங்கம் பேச வேண்டியிருக்கிறது.

ஊசி மலடாக்கும் என்ற வதந்தி பழையது, உலகம் சுற்றியது. 1990களில் மெக்சிக்கோவிலும் பிலிப்பைன்ஸிலும் குறிப்பாக ஏற்பூசியைப் பற்றியே இது பரவியது. 2014 இல் கென்யாவின் கத்தோலிக்க ஆயர்கள் இதே ஊசியில் கருத்தடை ஹோர்மோன் கலந்திருப்பதாகக் குற்றஞ்சாட்டினார்கள். ஏற்பூசியை ஏன் தேடிப் பிடித்தார்கள் என்றால், அதற்கு ஒரு நூலளவு காரணம் இருக்கிறது. டில்லியில் ஜீ. பி. தல்வார் என்ற விஞ்ஞானி கருத்தடைத் தடுப்பூசி ஒன்றை ஆராய்ந்தபோது, கர்ப்ப ஹோர்மோனைச் சுமந்துசெல்லும் பொருளாக ஏற்புநோய் நச்சுப்புரதத்தைப் பயன்படுத்தினார். அது வேறு மருந்து, வேறு நோக்கம், ஆய்வோடு நின்றது. கிளினிக்கில் போடும் ஊசிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் வதந்திக்கு ஒரு நூல் கிடைத்தால் போதும், மிச்சத்தை அதுவே நெய்துகொள்ளும்.

நம் தீவிலும் அது நெய்யப்பட்டது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துக்குள் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாக்கட்டி. 2019 இல் குருநாகலில் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்று பத்திரிகைத் தலைப்பே வந்தது. ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. இரண்டும் பச்சைப் பொய். பெண்ணின் கருப்பையை இனக்கணக்காகப் பார்க்கும் அரசியல் ஊதிப் பெருப்பித்தவை.

வன்னியின் கதை அப்படி முடியவில்லை. இங்கே ஊர்ப் பெயரும் திகதியும் உள்ள ஒரு சம்பவம் இருக்கிறது. 2013 ஓகஸ்ட் 31. கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பக்கம், வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய மூன்று கிராமங்களின் தாய்மார் சிறு பிள்ளைகளோடு வைத்தியசாலைக்கு வரும்படி அழைக்கப்பட்டார்கள். பிள்ளைகளின் கிளினிக் என்று நினைத்தே போனார்கள். போன இடத்தில் அவர்களின் கையில் ஜடெல் என்ற கருத்தடைக் குச்சிகள் வைக்கப்பட்டன. தோலுக்கடியில் ஐந்து ஆண்டுகள் வேலை செய்பவை அவை. அது என்னவென்று போதிய விளக்கம் தரப்படவில்லை, யோசிக்கவும் கணவரோடு கலந்து பேசவும் நேரம் தரப்படவில்லை, மறுத்தவர்களுடன் அச்சுறுத்தும் தொனியில் பேசப்பட்டது என்று அந்தத் தாய்மார் கூறியதை 'சோஷல் ஆர்க்கிடெக்ட்ஸ்' என்ற சிவில் அமைப்பு அடுத்த மாதமே அறிக்கையாக வெளியிட்டது. அது வடமாகாண சபையின் முதல் தேர்தல் நடந்த மாதம். செப்டெம்பர் 21 இல் மக்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள். மூன்று மீனவ, விவசாயக் கிராமங்களின் பெண்களுக்கு என்ன நடந்தது என்பது வெற்றி ஊர்வலங்களின் வெடிச் சத்தத்தில் அமுங்கியது.

ஜடெல் நல்ல கருத்தடை முறைகளில் ஒன்று. விரும்பிக் கேட்கும் பெண்ணுக்கு அது உரிமை. பிழை குச்சியில் இல்லை. பிள்ளைக்கென்று கூப்பிட்டுத் தாயின் கையை நீட்டச் சொன்னதில் இருக்கிறது. அன்றைக்கு அந்த வாங்கிலில் அம்மாவின் மடியில் இருந்த பெண்பிள்ளைகளில் மூத்தவர்களுக்கு இப்போது பதினாறு, பதினேழு வயது. இன்னும் சில ஆண்டுகளில் அவர்களும் கர்ப்பிணிப் பதிவுக்கு வருவார்கள். அம்மா சொன்ன கதையோடு வருவார்கள். "படிப்பறிவில்லாத சனம், வதந்தியை நம்புது" என்று அலுத்துக்கொள்கிற அதிகாரி, இந்தச் சனத்தின் நினைவில் வதந்தி எது, நடந்தது எது என்பதைப் பிரித்துக் காட்டும் பொறுப்பு தன்னுடையது என்பதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இதே மண்ணில் தடுப்பூசிக்கு வேறொரு வரலாறும் இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் அநியாயம். 1990களில் போலியோத் தடுப்பு நாட்களில் அரசும் விடுதலைப் புலிகளும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். குளிர்ப்பெட்டிக்குள் வைத்த சொட்டு மருந்து காவலரண்களைக் கடந்து வந்தது. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல் பதிவானவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புதிதாக ஒருவர் இல்லை என்றால் அதில் வன்னித் தாய்மாருக்கும் பங்குண்டு. மருந்துத் தடையும் இடப்பெயர்வும் மலேரியாவும் சேர்ந்து அடித்த காலத்தில் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் வரிசையில் நின்று பிள்ளைக்குச் சொட்டு மருந்து வாங்கிய பெண்கள் அவர்கள். ஊசிக்குப் பயந்த சனமாக இது என்றைக்கும் இருந்ததில்லை.

இறுதிப் போரின்போதும் நம்பிக்கை உடையவில்லை. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை ஷெல்லடிக்குள் விழுந்த பின்னரும் அரச வைத்தியர்கள் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இருந்து வேலை செய்தார்கள். உடைந்தது அதற்குப் பிறகு. அந்த வைத்தியர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2009 ஜூலை 8 இல் கொழும்பில் ஊடகங்களுக்கு முன் கொண்டுவரப்பட்டு, தாங்கள் முன்னர் சொன்ன இறப்புத் தொகைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று சொல்ல வேண்டியதாயிற்று. மெனிக்பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. தங்கள் காயத்துக்குக் கட்டுப்போட்ட வைத்தியரே தன் வாயால் வேறு சொல்ல வைக்கப்பட்டதைப் பார்த்த சனம், வெள்ளைச் சட்டை போட்டவர் சொல்வது அவருடைய சொல்லா, அவருக்குப் பின்னால் நிற்பவரின் சொல்லா என்று எடைபோடப் பழகிக்கொண்டது. அந்தப் பழக்கம் அவர்களுக்கு எத்தனை முறை கைகொடுத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அதைக் குறை சொல்லவும் நா எழவில்லை.

கொவிட் காலத்தில் பின்னால் நிற்பவர் முன்னாலேயே வந்துவிட்டார். தேசிய கொவிட் தடுப்புச் செயலணியின் தலைமை இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவிடம் கொடுக்கப்பட்டது. 2009 இல் வன்னிக்குள் முன்னேறிய 58 ஆவது படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். தனிமைப்படுத்தல் நிலையங்கள் பம்பைமடுவிலும் கேப்பாபிலவிலும் படை முகாம்களுக்குள் இருந்தன. 2021 மே 17 இரவு முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. மறுநாள் மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். ஆடைத் தொழிற்சாலைத் தொற்றுக் கொத்தணி உண்மையானது, நோய் உண்மையானது. ஆனால் முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றக் காத்திருந்த ஒரு தாயிடம், இது கிருமிக்காகப் போட்ட தடை, உன் விளக்குக்காக அல்ல என்று யார் போய் நம்பவைப்பது? அடுத்த மாதங்களில் அதே அரசு அவளுடைய கர்ப்பிணி மகளின் கையைக் கேட்டது.

தெற்கிலிருந்து வந்த சேதிகளும் உதவவில்லை. போலி இம்யூனோகுளோபுலின் கொள்வனவு வழக்கில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2 இல் கைதானார். மருந்துக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று சுகாதார அமைச்சரையே கேட்க வேண்டிய நாட்டில், வேரவில் பெண் கேட்டால் மட்டும் அறியாமையா?

ஆனாலும் ஒரு கணக்கை அவளுக்கு முன்னால் வைக்காமல் விட முடியாது. அட்டை தொலைந்த தலைமுறையின் கணக்கு அது. இலங்கைத் திட்டப்படி ஒரு பெண்ணுக்கு ஏற்புநோய்த் தடுப்பு ஆறு தடவை கிடைக்க வேண்டும்: பிறந்த ஆண்டில் மூன்று, ஒன்றரை வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஏழாம் ஆண்டளவில் ஒன்று. ஆறும் எழுத்தில் இருந்து, கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகாவிட்டால், கர்ப்பத்தில் ஊசி தேவையில்லை. பத்து ஆண்டு கடந்திருந்தால் ஒன்று. எழுத்தில் எதுவும் இல்லையென்றால், முதல் கர்ப்பத்தில் பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகு ஒன்று, ஆறு தொடக்கம் எட்டு வாரம் கழித்து இன்னொன்று. அடுத்தடுத்த கர்ப்பங்களில் ஒவ்வொன்று. நாட்டின் மற்றைய பகுதிகளில் பல பெண்கள் அட்டையை நீட்டி "எனக்குத் தேவையில்லை" என்று சொல்லலாம். வன்னியில் இன்று இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்கள் 2009 இல் நாலு, ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். ஐந்து வயது ஊசி விழ வேண்டிய காலத்தில் அவர்கள் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று உழவு இயந்திரப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் மரத்தடிக்கு மாறியது, பிறகு இல்லாமல் போனது. போட்ட ஊசிகளுக்குமே அட்டை இல்லை. அது பதுங்குகுழியிலோ நந்திக்கடல் ஓரத்திலோ கிடக்கிறது. ஆக, நாட்டிலேயே கர்ப்பகால ஏற்பூசி அதிகம் தேவைப்படும் பெண்கள் யாரோ, அவர்களே அதைச் சந்தேகிக்கக் கூடுதலான காரணமும் உள்ளவர்கள். இந்த இரண்டும் ஒரே உடம்பில் வந்து சேர்ந்திருப்பதுதான் நம் அச்சம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "வயித்துப்பிள்ளையோட ஊசி போடக்கூடாது" என்று ஊரில் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ருபெல்லா, அதாவது ஜேர்மன் சின்னமுத்துக்கான ஊசி உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் ஆனது. அதைக் கர்ப்ப காலத்தில் போடுவதில்லை. கர்ப்பத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ருபெல்லா வந்தால் பிள்ளை காது கேளாமலும் கண்புரையோடும் இதயக் கோளாறோடும் பிறக்கலாம். 1990களின் நடுவில் இலங்கை அப்படியொரு பரவலைக் கண்ட பிறகே, 1996 இல் பெண்களுக்கு அந்த ஊசி தொடங்கப்பட்டது. ஏற்பூசி அப்படியல்ல. அதில் உயிருள்ள கிருமி இல்லை; வலுவிழக்கச் செய்த நச்சுப்புரதம் மட்டுமே. ஊசி போட்ட இடம் நோகும், வீங்கும், ஒரு நாள் காயலாம். அவ்வளவே. பாதி உண்மையை வைத்து முழு ஊசியையும் தள்ளுகிறவர்களில், வருத்தத்தோடு சொல்கிறோம், படித்தவர்களும் இருக்கிறார்கள்.

இனி வரப்போவது ஏற்பூசி மட்டுமல்ல. கக்குவானுக்கு எதிராகக் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடுவதை இங்கிலாந்து 2012 இல் தொடங்கியது. அங்கே கர்ப்பிணிகள் போடுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 60 வீதத்துக்கும் கீழே இறங்கிய வேளையில், 2024 இல் கக்குவான் திரும்பி வந்து பச்சைக் குழந்தைகளைக் கொன்றது. குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. கிருமிக்கும் கர்ப்பிணிகளுக்கான ஊசி 2023 முதல் சில நாடுகளில் வந்துவிட்டது. இன்றோ நாளையோ இவை இங்கும் வரும். வரும்போது வன்னியில் எந்த நிலத்தில் விழும்? வேரவிலுக்கு விடை சொல்லாத நிலத்திலா?

விடை சொல்வது அவ்வளவு கடினமும் அல்ல. இதே நாட்டின் சுகாதாரத்துறை அதைச் செய்துகாட்டியிருக்கிறது. 2008 ஜனவரியில் ஐங்கூட்டு ஊசி தொடங்கிய சில மாதங்களில், ஊசி போட்ட சில குழந்தைகள் இறந்தபோது, ஏப்ரல் இறுதியில் திட்டத்தையே நிறுத்தினார்கள். நிபுணர்களை வைத்து ஆராய்ந்தார்கள். 2010 இல் மீண்டும் தொடங்கினார்கள். நிறுத்தியதால் நம்பிக்கை கெட்டுவிடும் என்று அஞ்சியவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். கெடவில்லை, தாய்மார் திரும்பி வந்தார்கள். அந்த நேர்மை கொழும்புத் தாய்க்கு உரியதென்றால் வலைப்பாட்டுத் தாய்க்கும் உரியது. 2013 ஓகஸ்ட் 31 இல் யார் உத்தரவிட்டார்கள், எந்தச் சம்மதப் படிவம் எந்த மொழியில் இருந்தது, எத்தனை பேருக்கு வைக்கப்பட்டது, எத்தனை பேர் பிறகு எடுப்பித்தார்கள் என்பதை மாகாண சுகாதாரத் திணைக்களம் எழுத்தில் வெளியிட வேண்டும். பிழை நடந்திருந்தால் அந்த மூன்று கிராமங்களுக்கும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மன்னிப்பைப் பத்திரிகை விளம்பரமாகப் போட வேண்டாம். வேரவில் வைத்தியசாலையில் வைத்துக் கேட்கட்டும்.

யாரிடம் போய்க் கேட்பது என்பது அடுத்த சிக்கல். சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட அதிகாரம். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. தெரிவு செய்யப்பட்ட மாகாண சுகாதார அமைச்சர் ஒருவர் இல்லாமல் ஆளுநரின் கீழ் ஓடுகிறது. சபை இருந்தபோது பெரிதாகக் கிழித்தார்களா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்வது கடினம்தான். ஆனாலும் வாக்குக் கேட்டு வர வேண்டிய ஒருவர் இருந்தால், வேரவில் பெண் அவரைப் படலையில் மறித்துக் கேட்பாள்.

மருத்துவ மாதரைப் பற்றி ஒரு சொல். மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது பொது அளவு. கொழும்பில் மூவாயிரம் பேர் ஒரு தெருவில் இருப்பார்கள். பூநகரியிலும் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் காட்டுப் பாதைகளால் பிரிந்த பல ஊர்களில் இருப்பார்கள். ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடித்து, யானை வரும் நேரத்துக்கு முன் வீடு திரும்ப வேண்டிய ஒரு பெண்ணிடம், ஒவ்வொரு கர்ப்பிணியோடும் மாமியோடும் கணவனோடும் அரை மணி நேரம் இருந்து பேசு என்று எப்படிச் சொல்வது? வட்ஸ்அப் வீடியோவுக்கு இருக்கும் நேரம் அவருக்கும் கிடைக்க வேண்டுமானால், வன்னியில் ஆளணியை மக்கள் தொகையால் மட்டும் அளக்காமல் தூரத்தாலும் அளக்க வேண்டும். அவரை இலக்கு எண்ணிக்கைக்காக நெருக்கவும் கூடாது. 2013 இல் தாய்மாரை அழைக்கப் போனதும் இந்தக் கடைநிலைப் பெண்கள்தாம். பழியை அவர்கள் தலையில் கட்டிவிட்டு மேலிருந்தவர்கள் தப்பிவிடக் கூடாது.

குடும்பத் திட்டமிடலையும் தடுப்பூசியையும் ஒரே நாளில், ஒரே மேசையில் வைப்பது வன்னியில் நிற்க வேண்டும். எந்த ஊசி, எதற்கு, எப்போது என்று தமிழில் அச்சிட்ட ஒரு தாள் கர்ப்பிணியின் கையில் வீட்டுக்குப் போக வேண்டும்; மாமியும் வாசிக்கட்டும். கிளினிக் வளவுக்குள் சீருடை வேண்டாம், எந்த நல்ல நோக்கத்துக்கும் வேண்டாம். ஏற்பூசி எத்தனை வீதமான கர்ப்பிணிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்கும் தனித்தனியாக, ஆண்டுதோறும், தமிழில் வெளியிட வேண்டும்.

இத்தனையும் நடக்கும்வரை வயிற்றுப் பிள்ளை காத்திருக்காது. ஆகவே அரசுக்குச் சொன்னதற்குப் பிறகு, கிளினிக் கொப்பியோடு வாங்கிலில் இருக்கும் பெண்ணுக்குச் சொல்வது இது. பன்னிரண்டு வாரம் முடிந்ததும் ஏற்பூசியைக் கேட்டுப் போடுங்கள். இரண்டு ஊசி சொல்லியிருந்தால் இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள்; பிரசவத்துக்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பாவது அது உள்ளே போயிருக்க வேண்டும். சின்ன வயது அட்டை தொலைந்துவிட்டதென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், முதல் ஊசியிலிருந்து தொடங்குவார்கள். ஊசி ஏற்ற முன் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், கொப்பியில் திகதியோடு எழுதச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டதற்காக யாரும் முகம் சுளித்தால் அவருடைய பெயரையும் எழுதிக்கொண்டு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஊசியைப் போட்டுக்கொண்டே போடுங்கள்.